டெக்சஸ் ஏன் அந்த மேட்ச் ஆடுச்சு?

2025 டிசம்பர் 7, ஞாயித்துக்கிழமை. காலேஜ் ஃபுட்பால்ல சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற பிளேஆஃப் லிஸ்ட் வந்துச்சு, 12 டீம், அதுல டெக்சஸ் யுனிவர்சிட்டி டீம் இல்ல. கமிட்டி ரேங்கிங்ல 13ஆவது இடம், 9 வெற்றி 3 தோல்வி. சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி, பத்திரிகைக்காரங்க ஓட்டுப் போடுற ஏபி ரேங்கிங்ல நம்பர் 1ஆ இருந்த டீம் இது, அதுவும் அந்த யுனிவர்சிட்டி சரித்திரத்துலயே முதல் தடவையா. நான் ஆஸ்டின்ல இருக்கேன், இங்க அன்னைக்கு எங்க திரும்புனாலும் ஒரே பேச்சுதான், ஆகஸ்ட் 30ஆம் தேதி கொலம்பஸ் வரைக்கும் போய் ஒஹாயோ ஸ்டேட்கிட்ட 14-7னு தோத்துட்டு வந்தது தேவையா, அதுக்குப் பதிலா ஒரு சின்ன காலேஜை இங்க கூப்பிட்டு 50 பாயிண்ட் போட்டு அனுப்பியிருந்தா 10-2ல முடிச்சு பிளேஆஃப் உள்ள இருந்திருக்கலாமேன்னு. கோச் ஸ்டீவ் சார்கிசியனும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னாரு, அந்த மேட்சை ஆடாம இருந்தா நாங்க 10-2, கஷ்டமான டீமோட ஆடுனதுக்குத் தண்டனை குடுத்தா இனிமே யாரு அப்படி ஆடுவாங்கன்னு.

அந்தக் கோபம் எனக்கும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. ஆனா கோபத்தைத் தள்ளி வச்சுட்டு பழைய சீசன்களை ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தா கணக்கு வேற மாதிரி வருது, அதைத்தான் எழுத நினைச்சேன்.

இந்த விளையாட்டைப் பாக்காதவங்களுக்காகக் கொஞ்சம் மட்டும். இது ஹெல்மெட் போட்டுக்கிட்டு முட்டி மோதுற அமெரிக்கன் ஃபுட்பால், நம்ம ஊர் கால்பந்து இல்ல. ஒவ்வொரு காலேஜும் ஒரு கான்ஃபரன்ஸ்ல இருக்கும், டெக்சஸ் இருக்குறது எஸ்இசி, ஒஹாயோ ஸ்டேட் இருக்குறது பிக் டென். ரெகுலர் சீசன்ல மொத்தமே 12 மேட்ச்தான். 2025 வரைக்கும் எஸ்இசில 8 மேட்ச் கான்ஃபரன்ஸுக்குள்ள, மிச்சம் 4 மேட்ச் யாரோட வேணும்னாலும் ஆடிக்கலாம், பிக் டென்ல 9 உள்ள 3 வெளிய. வெளிய ஆடுறதுதான் நான்-கான்ஃபரன்ஸ் மேட்ச், அது முழுக்க அந்தந்த காலேஜோட அத்லெடிக் டைரக்டர் கையில இருக்கு. சீசன் முடிஞ்சதும் 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி உக்காந்து யாரு பிளேஆஃப்னு முடிவு பண்ணும். 130க்கும் மேல டீம் இருக்கு, ஆளுக்கு 12 மேட்ச், எல்லாரும் எல்லாரோடயும் ஆட வழியே இல்ல, அதனால யாரோட ஆடுன, எங்க ஆடுனங்குறதையும் கமிட்டி எடை போடணும். கிரிக்கெட் பாக்குறவங்களுக்கு இது சட்டுனு புரியும், 2025ல தென்னாப்பிரிக்கா உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனலுக்கு வந்தப்ப, அந்த ரெண்டு வருஷ சைக்கிள்ல ஆஸ்திரேலியா கூடவும் இங்கிலாந்து கூடவும் ஒரு டெஸ்ட்கூட ஆடாம வந்துட்டாங்கன்னு எவ்வளவு பேச்சு. அப்புறம் லார்ட்ஸ்ல ஆஸ்திரேலியாவையே அடிச்சுட்டாங்க, அது வேற. அந்த விவாதம் இங்க வருஷா வருஷம் நடக்கும்.

இன்னொரு விஷயம், வெளிய இருக்குறவங்களுக்கு இது தெரியாது, பெரிய டீம் ரெண்டு மோதிக்கிறதுன்னா அது பல வருஷம் முன்னாடியே போட்ட ஒப்பந்தம். ஒரு வருஷம் உங்க ஊர், ஒரு வருஷம் எங்க ஊர். டெக்சஸ்-ஒஹாயோ ஸ்டேட் மேட்ச் சார்கிசியன் இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே முடிவானது, இப்ப டெக்சஸோட குவார்ட்டர்பேக்கா, அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவரா இருக்குற ஆர்ச் மேனிங் அப்போ ஸ்கூல் பையன். அந்த வருஷத்துல நம்ம டீம் எப்படி இருக்கும், எதிர் டீம் எப்படி இருக்கும், பிளேஆஃப்ல எத்தனை இடம் இருக்கும், எதுவுமே தெரியாமதான் கையெழுத்துப் போடுறாங்க. 4 டீம் பிளேஆஃப் 2014 சீசன்ல வந்துச்சு, 2024ல 12 ஆச்சு. நடுவுல ஆட்டத்தோட விதியே மாறிப்போச்சு, ஒப்பந்தம் மட்டும் அப்படியே இருந்துச்சு.

சரி, டெக்சஸையே எடுத்துக்குவோம். 2019ல எல்எஸ்யூ ஆஸ்டினுக்கு வந்துச்சு, 45-38னு தோல்வி, அந்த எல்எஸ்யூதான் அந்த வருஷ சாம்பியன். 2022ல அலபாமா வந்துச்சு, 20-19, ஒரே ஒரு பாயிண்ட்ல தோத்தாங்க, அந்த வலி இந்த ஊருக்கு ரொம்ப நாள் இருந்துச்சு. மறு வருஷம் 2023 செப்டம்பர் 9, டஸ்கலூசால அலபாமாவோட சொந்த மைதானத்துலயே 34-24னு ஜெயிச்சாங்க. அதுக்கப்புறம் அக்டோபர்ல ஓக்லஹோமாகிட்ட 34-30 தோல்வி, கடைசியில பிக் 12 சாம்பியன், 12-1. (அப்போ டெக்சஸ் இன்னும் பிக் 12லதான் இருந்துச்சு.) பிளேஆஃப்ல அப்போ 4 இடம்தான். மிஷிகன் 13-0, வாஷிங்டன் 13-0, ஃப்ளோரிடா ஸ்டேட் 13-0, இவங்க மூணு பேர் போக ஒரே ஒரு இடம், அதுக்கு டெக்சஸும் அலபாமாவும். கமிட்டி என்ன பண்ணுச்சுன்னா ஃப்ளோரிடா ஸ்டேட்டையே வெளிய தள்ளிட்டு டெக்சஸுக்கு 3, அலபாமாவுக்கு 4. எஸ்இசி சாம்பியனா ஜார்ஜியாவை அடிச்சுட்டு வந்த அலபாமாவை உள்ள விடணும்னா, அந்த அலபாமாவை அதோட ஊர்லயே போய் அடிச்ச டெக்சஸை எப்படி வெளிய நிறுத்துறது? செப்டம்பர் ரெண்டாவது வாரத்துல ஆடுன ஒரு நான்-கான்ஃபரன்ஸ் மேட்ச், டிசம்பர்ல பிளேஆஃப் இடம் வாங்கிக் குடுத்துச்சு. இதே காலேஜ்தான், இதே கோச்தான். 2025ல புலம்புறப்ப 2023ஐயும் சேத்துப் பேசணும்.

அந்த ஃப்ளோரிடா ஸ்டேட் விஷயம் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல. அவங்க எல்எஸ்யூவை 45-24னு அடிச்சிருந்தாங்க, ஃப்ளோரிடாவையும் அடிச்சாங்க, நான்-கான்ஃபரன்ஸ்ல ரெண்டு எஸ்இசி டீமைத் தோக்கடிச்சு 13-0. அவங்க குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் கால் உடைஞ்சதுதான் காரணம், அவர் இல்லாத டீம் பழைய டீம் இல்லன்னு கமிட்டி சொல்லுச்சு. அந்தக் காயம் எந்த மேட்ச்ல ஆச்சுன்னு பாருங்க, நார்த் அலபாமாங்குற ஒரு சின்ன காலேஜோட, ஒரு டிவிஷன் கீழ இருக்குற டீமோட, நவம்பர்ல சும்மா ஒரு ஈசி வெற்றிக்காக வச்ச மேட்ச்ல. கஷ்டமான மேட்ச் வச்சா அடிபடும், ஈசி மேட்ச் வச்சா பசங்க பத்திரமா இருப்பாங்கன்னு சொல்றவங்க இதையும் ஞாபகம் வச்சுக்கணும்.

2014ஐப் பாக்கலாம், பிளேஆஃப் வந்த முதல் வருஷம். பெய்லர் 11-1, டிசியூ 11-1, ஒஹாயோ ஸ்டேட் 12-1. பெய்லர் வெளிய ஆடுனது எஸ்எம்யூ, நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட், பஃபலோ, ஒண்ணுகூட சொல்லிக்கிற மாதிரி இல்ல. ஒஹாயோ ஸ்டேட் செப்டம்பர்ல சொந்த ஊர்லயே வர்ஜீனியா டெக்கிட்ட 35-21னு தோத்துருந்துச்சு. ஆனாலும் கடைசி இடம் ஒஹாயோ ஸ்டேட்டுக்குத்தான், கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல விஸ்கான்சினை 59-0னு அடிச்சது பெரிய காரணம்னாலும், பெய்லரோட நான்-கான்ஃபரன்ஸ் லிஸ்ட் அவங்களுக்கு எதிராத்தான் நின்னுச்சு. ஒஹாயோ ஸ்டேட் அந்த வருஷம் சாம்பியன் ஆச்சு. 2016லயும் பாருங்க, பென் ஸ்டேட் ஒஹாயோ ஸ்டேட்டை நேருக்கு நேர் ஜெயிச்சு, பிக் டென் சாம்பியனும் ஆச்சு, ஆனா பிளேஆஃப் போனது ஒஹாயோ ஸ்டேட். ஏன்னா அவங்க ஓக்லஹோமாவுக்கே போய் 45-24னு ஜெயிச்சிருந்தாங்க, தோல்வி ஒண்ணுதான். பென் ஸ்டேட்டுக்கு ரெண்டு, அதுல ஒண்ணு செப்டம்பர்ல பிட்ஸ்பர்க்கிட்ட 42-39. அதே வருஷம் ரட்கர்ஸ், ஐடஹோ, போர்ட்லாண்ட் ஸ்டேட்னு மூணு சுலபமான டீமோட ஆடுன வாஷிங்டன் கான்ஃபரன்ஸை ஜெயிச்சு ஒரு தோல்வியோட உள்ள போயிடுச்சு. அதாவது லேசான ஷெட்யூல் வச்சா கதவு மூடிடும்னும் சொல்ல முடியாது, கஷ்டமான ஷெட்யூல் வச்சா திறக்கும்னும் சொல்ல முடியாது, ஜெயிச்சா திறக்கும், அவ்வளவுதான்.

சின்ன காலேஜ்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு தலைகீழ். பெரிய டீமோட மேட்ச்தான் அவங்களுக்கு இருக்குற ஒரே கதவு. 2017ல யூசிஎஃப், ஃப்ளோரிடால ஆர்லாண்டோல இருக்கு, ரெகுலர் சீசன்ல ஒரு மேட்ச்கூட தோக்கல, கான்ஃபரன்ஸ் சாம்பியன், அப்பவும் கமிட்டி குடுத்த இடம் 12. அவங்க ஜார்ஜியா டெக்கோட ஆட வேண்டிய மேட்சை இர்மா புயல் கொண்டு போயிடுச்சு, மேரிலாண்டை 38-10னு அடிச்சாங்க, அதுக்கு மேல காட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல. சீசன் முடிஞ்சு நடக்குற பவுல் மேட்ச்கள்ல ஒண்ணான பீச் பவுல்ல ஆபர்னை 34-27னு ஜெயிச்சு 13-0ல முடிச்சாங்க, ஆனா பிளேஆஃப் கதை அதுக்கு முன்னாடியே முடிஞ்சு போச்சு. நாலு வருஷம் கழிச்சு 2021ல சின்சினாட்டி, யூசிஎஃப் இருந்த அதே கான்ஃபரன்ஸ், இண்டியானாவுக்குப் போய் 38-24, அதுக்கு அடுத்து நோட்டர் டேமுக்கே போய் 24-13. அந்த ஒரு நோட்டர் டேம் வெற்றிதான், பெரிய கான்ஃபரன்ஸ்ல இல்லாத ஒரு டீம் முதல் தடவையா 4 டீம் பிளேஆஃப்ல உக்காந்துச்சு. அலபாமாகிட்ட 27-6னு தோத்தாங்க, பரவால்ல, உள்ள போனாங்களே.

ஆனா இதுக்கும் ஒரு விலை உண்டு. ஃபிரெஸ்னோ ஸ்டேட் கோச் பாட் ஹில் யாரோட வேணும்னாலும், எப்ப வேணும்னாலும், எங்க வேணும்னாலும் ஆடுவோம்னே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவர், அதை மந்திரம் மாதிரி வச்சிருந்தாரு. 2001ல டேவிட் கார் குவார்ட்டர்பேக்கா இருந்தப்ப கொலராடோ, ஆரிகன் ஸ்டேட், விஸ்கான்சின்னு வரிசையா மூணு பெரிய டீமை சாச்சு ரேங்கிங்ல 8 வரைக்கும் ஏறுனாங்க. நாடே அவங்களைப் பத்திப் பேசுச்சு. அப்புறம் சொந்த கான்ஃபரன்ஸ்ல, சொந்த ஊர்ல, பாய்சி ஸ்டேட்கிட்ட 35-30 தோல்வி, கனவு அங்கேயே காலி. 2005ல நம்பர் 1 யூஎஸ்சியோட லாஸ் ஏஞ்சலஸ்ல கடைசி வரைக்கும் மல்லுக்கட்டி 50-42னு தோத்தாங்க, யூஎஸ்சியோட ரெஜி புஷ் மட்டும் அன்னைக்கு மொத்தம் 513 கெஜம் ஓடுனாரு, அந்த மேட்சை யூடியூப்ல இப்பப் பாத்தாலும் எனக்கு சிலிர்க்கும். மரியாதை, பேரு, டிவில முகம், புதுப் பசங்க இந்த காலேஜுக்கு வரணும்னு ஆசைப்படுறது, எல்லாம் கிடைச்சுச்சு. பெரிய பவுல் மட்டும் கடைசி வரைக்கும் கிடைக்கல. பெரிய டீமுக்கு பெஞ்ச்ல இன்னும் ரெண்டு வரிசை ஆள் இருக்கும், சின்ன டீமுக்கு முதல் வரிசை அடிபட்டா முடிஞ்சுச்சு, செப்டம்பர்ல வாங்குன அடி நவம்பர்ல தெரியும்.

பணமும் இதுல இருக்கு. பெரிய காலேஜ் காசு குடுத்து சின்ன காலேஜை வரவழைச்சு அடிச்சு அனுப்புறது ஒரு வழக்கம். 2007ல மிஷிகன், ஒரு டிவிஷன் கீழ இருந்த அப்பலாச்சியன் ஸ்டேட்டை 4 லட்சம் டாலர் குடுத்துக் கூப்பிட்டுச்சு, ஒரு லட்சம் பேருக்கு மேல உக்காந்திருந்த மைதானத்துல அவங்க 34-32னு ஜெயிச்சு, கடைசி நொடில ஃபீல்டு கோல் கிக்கைத் தடுத்துட்டுப் போனாங்க. 2024ல நோட்டர் டேம் 14 லட்சம் டாலர் குடுத்து நார்தர்ன் இல்லினாய்ஸைக் கூப்பிட்டு 16-14னு தோத்துச்சு. ஆனா அந்த நோட்டர் டேம் அதுக்கப்புறம் வரிசையா ஜெயிச்சு பிளேஆஃப் ஃபைனல் வரைக்கும் போச்சு, 12 டீம்ங்குறதால ஒரு அசிங்கமான தோல்வியைத் தாங்குற இடம் இருந்துச்சு. பழைய 4 டீம் முறையா இருந்தா அந்த செப்டம்பர் 7ஆம் தேதியே அவங்க கதை முடிஞ்சிருக்கலாம்.

இப்ப எதிர்க்கட்சியையும் பேசணும், நியாயம்னு ஒண்ணு இருக்கே. பில் ஸ்னைடர் 1989ல கன்சாஸ் ஸ்டேட்டுக்கு வந்தப்ப அது நாட்டுலயே மோசமான டீம், ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையே அப்படித்தான் எழுதுச்சு. அவர் வெளி மேட்ச் எல்லாத்தையும் லேசாக்கி, பசங்களுக்கு ஜெயிக்கிற பழக்கத்தை முதல்ல குடுத்தாரு. 1989ல 1-10, 1990ல 5-6, 1991ல 7-4, 1993ல 9-2-1, கடைசி நம்பர் டிரா. அடிமட்டத்துல கிடக்குற டீமை வாரா வாரம் ராட்சசங்க முன்னாடி நிறுத்தி மண்ணைக் கவ்வ வைக்கிறதுல என்ன இருக்கு? கர்ட் சிக்னெட்டி இண்டியானால செஞ்சதும் இந்த மாதிரிதான், 2024ல வெளிய எஃப்ஐயூ, வெஸ்டர்ன் இல்லினாய்ஸ், ஷார்லட், 2025ல ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இண்டியானா ஸ்டேட். லூயிவில்லோட இருந்த மேட்சை எல்லாம் அவர் வர்றதுக்கு முன்னாடியே காலேஜ் ரத்து பண்ணிடுச்சு. எல்லாரும் ஷெட்யூலைக் காட்டிக் கிண்டல் பண்ணாங்க. அப்புறம் என்ன ஆச்சு, 2025 சீசன்ல 16-0, ஒஹாயோ ஸ்டேட்டை கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல 13-10, ரோஸ் பவுல்ல அலபாமாவை 38-3, ஆரிகனை 56-22, ஃபைனல்ல மயாமியை அதோட ஊர்லயே 27-21. சாம்பியன். பிக் டென்ல 9 மேட்ச் ஆடுற டீம் வெளிய மூணு லேசான மேட்ச் வச்சுக்கிட்டா அது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், எல்லா அத்லெடிக் டைரக்டரும் இதைப் பாத்துட்டு இதையே செய்வாங்களேங்குறதுதான் என் பயம்.

என் ஃப்ரெண்ட் ஒருத்தன் இருக்கான், கோயம்புத்தூர்க்காரன், கொலம்பஸ்ல எம்எஸ் படிச்சவன், ரத்தம் முழுக்க ஒஹாயோ ஸ்டேட். லிஸ்ட் வந்த அன்னைக்கு ஃபோன் பண்ணான். "டேய் மச்சான், ஃப்ளோரிடாகிட்ட தோத்துட்டு எங்க மேல ஏன்டா பழி போடுறீங்க?"

அவன் சொன்னதுல விஷயம் இருக்கு. அக்டோபர் 4ஆம் தேதி கெயின்ஸ்வில்லில் ஃப்ளோரிடா டெக்சஸை 29-21னு அடிச்சுச்சு, அந்த ஃப்ளோரிடா சீசனை 4-8ல முடிச்சுது. கெண்டக்கிகிட்டயும் மிசிசிப்பி ஸ்டேட்கிட்டயும் டெக்சஸ் ஓவர்டைம் வரைக்கும் இழுத்துத்தான் தப்பிச்சாங்க. ஜார்ஜியா 35-10னு புரட்டிப் போட்டுச்சு. மறுபக்கம் ஓக்லஹோமாவை 23-6, வாண்டர்பில்ட்டை 34-31, அதுவரைக்கும் தோக்காம இருந்த டெக்சஸ் ஏ அண்ட் எம்ங்குற இன்னொரு காலேஜை 27-17னு டெக்சஸ் ஜெயிச்சுச்சு. ஒஹாயோ ஸ்டேட் மேட்ச் டெக்சஸைக் கொல்லல. அது என்ன பண்ணுச்சுன்னா தோக்குறதுக்கு இருந்த இடத்துல ஒண்ணைத் தின்னுடுச்சு. இந்த 12 டீம் முறையில பெரிய கான்ஃபரன்ஸ் டீமுக்கு ரெண்டு தோல்வி வரைக்கும் தாங்கும், மூணாவதுன்னா கஷ்டம், 2024ல அலபாமா 9-3ல வெளிய போச்சு, 2025ல டெக்சஸ் 9-3ல வெளிய போச்சு. ஆகஸ்ட்லயே ஒண்ணை செலவு பண்ணிட்டா எஸ்இசி மாதிரி கான்ஃபரன்ஸ்ல மிச்சம் எட்டு மேட்சுக்கும் கையில ஒண்ணுதான். டீமோட எதிர்காலத்தை அந்த மேட்ச் எப்படிப் பாதிக்குதுன்னு கேட்டா என் பதில் இதுதான், ஜெயிச்சா ஒரு தப்புக்கு மன்னிப்பு கிடைக்குது, தோத்தா ஒரு தப்புக்கு இருந்த மன்னிப்பு போகுது.

இதுக்கு இதைவிட நல்ல உதாரணம் அதே 2025ல நோட்டர் டேமும் மயாமியும். ஆகஸ்ட் 31, மயாமி 27-24னு ஜெயிச்சுச்சு. நோட்டர் டேம் ரெண்டு வாரம் கழிச்சு ஏ அண்ட் எம்கிட்டயும் 41-40னு தோத்து 0-2, அதுக்கப்புறம் பத்து மேட்ச் வரிசையா வெற்றி, 10-2. மயாமியும் 10-2. நவம்பர் முழுக்க கமிட்டி நோட்டர் டேமைத்தான் மயாமிக்கு மேல வச்சிருந்துச்சு, கடைசி லிஸ்ட்ல ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல வந்ததும் அந்த ஆகஸ்ட் மேட்சை எடுத்து மயாமிக்கு 10ஆவது இடம், நோட்டர் டேமுக்கு 11. கடைசி ரெண்டு இடம் சின்ன கான்ஃபரன்ஸ் சாம்பியன்களான டுலேனுக்கும் ஜேம்ஸ் மேடிசனுக்கும் போனதால 11னா வெளிய. நோட்டர் டேம் கோவத்துல பவுல் மேட்சே வேண்டாம்னு சொல்லிடுச்சு. மயாமி ஏ அண்ட் எம், ஒஹாயோ ஸ்டேட், ஓல் மிஸ் மூணு பேரையும் தாண்டி ஃபைனல் வரைக்கும் போச்சு. கஷ்டமான மேட்ச் வச்சா ஒண்ணும் கிடைக்காதுன்னு மயாமிகிட்ட போய் சொல்லிப் பாருங்க. அந்த மேட்ச் இல்லாம அவங்க அந்த லிஸ்ட்லயே இல்ல.

ஆனா ஒப்பந்தம் போடுறவன் மயாமியா நினைச்சுப் போட மாட்டான், நோட்டர் டேமா ஆயிடுவோமோன்னு பயந்துதான் போடுவான், அதுதான் இதுல இருக்குற நிஜமான ஆபத்து. யூஎஸ்சி-நோட்டர் டேம் மேட்ச் 1926ல தொடங்குனது, ரெண்டாம் உலகப் போர் சமயத்துலயும் 2020 கொரோனா வருஷத்துலயும் தவிர வருஷா வருஷம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. சரியா நூறு வருஷம் கழிச்சு 2026ல அது இல்லன்னு ஆயிடுச்சு, எந்தத் தேதில ஆடுறதுன்னு ரெண்டு பக்கமும் ஒத்துப்போகல, பிளேஆஃபை நினைச்சுத்தான் யாரும் இறங்கி வரலன்னு நான் நினைக்கிறேன். இதைப் படிச்சப்ப எனக்கு டெக்சஸ் வெளிய போனதைவிட வருத்தமா இருந்துச்சு, உண்மையா சொல்றேன்.

2025 சீசனுக்கு முன்னாடி கமிட்டி தன்னோட கணக்குல ஒரு மாத்தம் கொண்டு வந்துச்சு, பலமான டீமை ஜெயிச்சா கூடுதல் மதிப்பு, பலமான டீம்கிட்ட தோத்தா தண்டனை குறைச்சல்னு. பேப்பர்ல நல்லாத்தான் இருக்கு. ஆனா டெக்சஸ் விஷயத்துல கடைசியில 9-3ங்குற நம்பர்தானே ஜெயிச்சுச்சு. என் கருத்து என்னன்னா, பிளேஆஃபுக்குப் போன டீமோட, அதோட ஊர்ல போய், ஒரு டச் டவுன் வித்தியாசத்துல தோத்தா அதைத் தோல்வி கணக்குல இருந்தே எடுத்துடணும், ஒரு மேட்ச் கம்மியா ஆடுன டீம் மாதிரி நினைச்சு மத்ததை மட்டும் எடை போடணும். அப்படிப் பண்ணியிருந்தா டெக்சஸ் 9-2, அப்பவும் ஃப்ளோரிடா தோல்விக்காக வெளிய நிறுத்துனா நான் வாயைத் தொறக்க மாட்டேன்.

2026ல இருந்து எஸ்இசில 9 கான்ஃபரன்ஸ் மேட்ச், அது போக ஒரு பெரிய கான்ஃபரன்ஸ் டீமோடயோ நோட்டர் டேமோடயோ கண்டிப்பா ஒரு மேட்ச் ஆடணும்னு விதி. பத்து கஷ்டமான மேட்ச், சுலபமானது ரெண்டுதான். 9-3ங்குறதை இனிமே கமிட்டி வேற கண்ணோட பாத்தே ஆகணும், இல்லன்னா இந்த விதியையும் நாலு வருஷத்துல யாராவது தூக்கிடுவாங்க. டெக்சஸ் இன்னும் ஒப்பந்தத்தை முறிக்கல, 2026 செப்டம்பர்ல ஒஹாயோ ஸ்டேட் ஆஸ்டினுக்கு வருது, 2027ல மிஷிகன் வருது. கோயம்புத்தூர்க்காரன் இப்பவே எங்க வீட்டுல தங்குறேன்னு சொல்லிட்டான். டிக்கெட் விலை எவ்வளவு போனாலும் வாங்கத்தான் போறேன்.